நல்ல வைரஸ் உண்டா?



நோயின் பெயரைத் தாங்கிய கணிப்பொறி நிரல் ஒன்று நன்மையும் செய்யக்கூடுமோ என்னும் வினா நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் அறிஞர்கள் இதனைக் குறித்து நாற்பது ஆண்டுகளாக வழக்காடி வந்துள்ளனர்.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஷாக், ஜான் ஹப் என்னும் இருவர், வேலையின்றிக் கிடக்கும் கணிப்பொறிகளைத் தாமே தேடிச்சென்று பயன்படுத்தும் நிரல் ஒன்றை அமைத்துப் 'புழு' என்றழைத்தனர். நோக்கம் தூயது, பொறிகளும் சொந்தப் பொறிகளே. ஓரிரவு அதனைச் சில பொறிகளில் மட்டும் ஓடவிட்டு வீடு திரும்பினர். காலையில் வந்து பார்த்தால், எத்தனையோ பொறிகள் செயலற்றுக் கிடந்தன! மீண்டும் இயக்கிய பொறியையும் புழு உடனே பற்றிக்கொண்டது. சில பொறிகளோ பூட்டிய அறைகளுக்குள் இருந்தன. புழுவை அடக்கும் ஆணை ஒன்றை முன்னரே அமைத்திருந்தமையால் பிழைத்தனர். 1982இல் இதனை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டனர் என்பது பாராட்டத்தக்கது.

1984இல் பிரெட் கோஹன், கோப்புகளைச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்தும் வைரஸ் இயலும் என்று காட்டினார். அதுவும் உரியவரின் இசைவு பெற்றே சுருக்கும் என்றார். வழக்கின் உயிர்நிலை அந்த இசைவில்தான் இருக்கிறது. பல்கேரிய அறிஞர் வெசலின் போன்ட்செவ் 1990களில் எதிர்வாதம் தொடுத்தார்: வைரஸால் ஆகும் நன்மை எதனையும் வைரஸ் இன்றியே செய்யலாமே!

குன்னத்தூர்ப் பின்னலாடைக் கூடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்பின் அறியாத ஒருவன் இரவில் பூட்டைத் திறந்து புகுந்து, பழுதுற்ற பொறியைச் செவ்வனே திருத்திவிட்டுப் போகிறான். முதலாளி அவனை வாழ்த்துவாரா? எந்த ஊசியை மாற்றினானோ, எந்த அளவைத் திருப்பினானோ என்று அன்றைய துணியை ஓட்டவே அஞ்சுவார்.

2003 ஆகஸ்டில் அதுவே உலகளவில் நிகழ்ந்தது. 'பிளாஸ்டர்' என்னும் தீய புழு பரவியபோது, அதனை அழித்து, அது நுழைந்த ஓட்டையையும் அடைக்க 'வெல்சியா' என்னும் மற்றொரு புழு புறப்பட்டது. 2004 பிறந்ததும் தானே அழிந்துபோகவும் அது பணிக்கப்பட்டிருந்தது. எவ்வளவு கருணை! ஆனால் அடுத்த பொறியைத் தேடி அது விடுத்த அழைப்புகளின் பெருக்கால் வலையமைப்புகள் திணறின. கனடா நாட்டு ஏர் கனடா விமான நிறுவனத்தின் பயணிகள் பதிவு தடுமாறியது.

நம் நாட்டு அரசு 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்தா கேந்திரத்தைத் தொடங்கியபோது வேறு வழியை மேற்கொண்டது. நச்சு நிரல் புகுந்த கணிப்பொறிக்கு உரியவருக்கு, இணைய இணைப்பு வழங்குவோர் வாயிலாக அறிவிப்பு அனுப்பப்படும். நீக்கும் கருவி இலவசம். அதனை இறக்கி இயக்குவது உரியவர் கையில் விடப்பட்டது.