கொடையில் மனச்சாய்வுகள்

யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்பதை எதிரிலுள்ள தேவையைவிடக் கேட்கப்படும் விதமே பெரிதும் தீர்மானிக்கும் போக்கு, கொடையில் மனச்சாய்வு எனப்படுகிறது.

பினாங்கின் தென்கோடியில் தோட்டங்கள் சூழ்ந்த நிபோங் திபால் போன்ற ஊர்களில், கோயில் திருப்பணிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் பணம் திரட்டும் முறையிலேயே இதைக் காணலாம். நன்கொடைத் தாளின் முதல் வரியில் 500 வெள்ளி இருந்தால் அடுத்தவர் 50 எழுதக் கூசுவார். 20 இருந்தால் அதே 50 தாராளமாகிவிடும். இது நங்கூர விளைவு. விவரமறிந்த நிர்வாகிகள் முதல் வரிக்குரியவரைப் பிடித்த பிறகே தாளை வெளியே எடுப்பார்கள்.

சிறு தொகையைக் கேட்பதும் பலிக்கும். 'ஒரு காசுகூட உதவும்' என்று சேர்த்துக் கேட்டபோது கொடுத்தவர் விகிதம் ஏறத்தாழ 29-லிருந்து 50 விழுக்காடானதை, 1976இல் அமெரிக்காவில் சியால்டினியும் ஷ்ரோடரும் காட்டினர். மலாயாத் தமிழர் இதை முன்பே நடத்திக் காட்டியிருந்தனர். 1950களில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் தமிழுக்கு இடம் உறுதிப்பட, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். ஒரு வெள்ளி இல்லையென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த வெற்றியை உளவியல் தந்திரமாக மட்டும் பார்ப்பது தவறு. மொழிப்பற்று இல்லாத இடத்தில் ஒரு வெள்ளியும் பெயராது.

எண்ணைவிட முகத்துக்கே மனம் இளகும். 2007இல் ஸ்மால், லோவன்ஸ்டைன், சுலோவிக் நடத்திய ஆய்வில், மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதைக்குச் சராசரியாக 2.38 டாலர் கிடைத்தது. பசியால் வாடும் இலட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்துக்கு 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது தொகை கூடவில்லை, 1.43 ஆகச் சரிந்தது.

நிர்வாகச் செலவென்றால் கொடையாளர் முகம் சுளிப்பார்கள். கோயில் மின்விசிறியின் இறக்கையில் உபயதாரர் பெயர் இருக்கும்; அது சுழல ஆகும் மின்கட்டணத்துக்கு உபயதாரர் கிடைப்பது அரிது. 2014இல் நீசியும் உடன் ஆய்வாளர்களும், நிர்வாகச் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லிக் கேட்டபோது, வழக்கமான வேண்டுகோளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பணம் சேர்ந்தது.