மார்த்தாண்டத்துத் தேன்பெட்டியும் தேனீயின் மூளையும்

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் எழுந்தருளும் தெய்வங்களுள் வேளிமலைக் குமாரசுவாமிக்கு ஆரியசாலைப் பகவதி கோயிலே இருப்பிடம். திவான் ராஜா கேசவதாஸ் சமைத்த சாலைக் கடைவீதியை அண்டிய இந்த இடத்துக்கும் தெற்கே குழித்துறை அடங்கிய விளவங்கோடு தாலுகாவுக்கும் உள்ள பந்தம், 1956இல் அத்தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பின்னரும் அந்த ஊர்வலத்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. வழியில் குழித்துறையை அடுத்த மார்த்தாண்டம், தேனுக்குப் பேர்போன ஊர்.

மரப்பொந்திலே கூடுகட்டும் நாட்டுத் தேனீயைப் புகையிட்டு விரட்டி, அடையைப் புழுவோடு சேர்த்துப் பிழிந்தெடுப்பதே பண்டை வழக்கம். 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராமத்தாருக்குப் பயிற்சியளித்த பாதிரியார் நியூட்டன், சிற்றுருவமுள்ள அத்தேனீக்கு இசைந்த சிறிய மரப்பெட்டியை அமைத்தார். 1924இல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனருத்தாரணப் பணியைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பை ஏழைக் குடியானவனின் உபதொழிலாக்கினார். பெட்டிக்குள் அடைகளைத் தாங்கும் சட்டங்களைத் தனித்தனியே தூக்கிப் பார்க்க முடிந்தபடியால், தேனை எடுத்தபின்னும் புழு பிழைத்தது. என் மதிப்பில் இச்சீர்திருத்தத்தின் பெருமை தேனின் அளவைவிட இதிலேயே அதிகம். ஏனெனில் தேனீ தன் ஆயுள் முழுமைக்குமான மூளையைச் சம்பாதித்துக்கொள்வது, புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் அடையின் அறைக்குள் வளரும்போதுதான்.

பூச்சிகளின் மூளையில் காளான் வடிவமான ஓர் அங்கம் உண்டென்றும், புத்திக்கும் அதற்கும் சம்பந்தமிருக்கலாமென்றும் 1850இல் பிரெஞ்சு விஞ்ஞானி துஜார்தின் எழுதினார். 1891இல் அமெரிக்கரான வீலர், வெட்டுக்கிளியினத்துக் கருவில் பெருத்த மூல அணுக்களைக் கண்டார். அவை சமமாகப் பிளவாமல், தம் பருமையைக் காத்துக்கொண்டே சிறிய சந்ததியை ஈனுகின்றன, அச்சந்ததியே நரம்பணுக்களாகிறது. தேனீயிலோ இந்த மூல அணுக்கள் முதலில் தாமே பெருகி, காளான் அங்கத்தின் கிண்ணம்போன்ற குழிவின் நடுவே தங்கி, நரம்பணுக்களை இடைவிடாது பிறப்பிக்கின்றன. முன்பிறந்தவை பின்பிறந்தவற்றால் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. இவ்விதம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அணுக்கள் சேர்ந்தபின், கூட்டுப்புழுப் பருவத்தின் நடுவில் மூல அணுக்கள் மாண்டுபோகின்றன. சிறகோடு வெளிவரும் தேனீக்குப் புதிய நரம்பணு ஒன்றும் உண்டாவதில்லை என்பது 1995இல் நிரூபணமாயிற்று. பண்டகசாலை மூலையில் கத்தும் சுவர்க்கோழியின் இனத்திலோ, முதிர்ந்த பருவத்திலும் அவ்வங்கத்தில் புதிய அணுக்கள் பிறப்பதை 1994இலேயே கண்டிருந்தனர். புகழெல்லாம் தேனீக்கு, பேறு சுவர்க்கோழிக்கு!

ஆயினும் தேனீ கற்காமலிருப்பதில்லை. இரை தேடப் புறப்படும் பருவத்தில் காளான் அங்கம் பருக்கிறது என்பதை 1993இல் அளந்தறிந்தனர், தழைப்பது இருக்கும் அணுக்களின் கிளைகளே. கூட்டுக்கு முகங்காட்டியபடியே வட்டமிட்டு இடத்தை மனத்தில் பதித்துக்கொண்ட பிறகே தேனீ தூரம் செல்கிறது. ரப்பர் தளிர்த்து இலைக்காம்பில் மது சுரக்கும் மாசி பங்குனியில் பெட்டியைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்பவர்கள் இதை நன்கறிவார்கள். இருட்டி யாவும் அடங்கிய பின்பே வாயிலை அடைப்பார்கள், பகலில் அகற்றினால் வெளியே சென்ற தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து மொய்க்கும்.