முழங்காலுக்கு ஒரு மதிப்பெண்

முழங்கால் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'கிரேடு 2', 'கிரேடு 3' என்று ஒரு வரி இருக்கும். தேய்மானம் எவ்வளவு என்பதற்கான மதிப்பெண் அது. அது பிறந்த இடம் இங்கிலாந்தின் லங்காஷயர்.

அங்கே நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தவர்களின் மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்து, அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் மூட்டுகளோடு ஒப்பிட்டார்கள் மான்செஸ்டர் மருத்துவர்களான கெல்கிரனும் லாரன்ஸும். ஒரே படத்துக்கு ஆளுக்கொரு கருத்து சொன்னால் ஒப்பிடுவது எப்படி? லீ என்ற சுரங்க நகரத்து மக்களின் படங்களை வைத்து 1957இல் 0 முதல் 4 வரை தரம் பிரித்தார்கள். 1961இல் ரோமில் கூடிய வல்லுநர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதன்பின் உலகமெங்கும் பெரும்பாலும் அதே அளவுகோல்தான்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே தொடை எலும்பின் இரு உருண்டை முனைகள், கீழே கால் எலும்பின் மேடை, நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அந்த இடைவெளியை வைத்துத்தான் அதன் கனத்தை ஊகிக்கிறார்கள். பெரும்பாலும் உள்பக்கம்தான் முதலில் குறுகும். ஓரத்தில் எலும்பு முள்ளாகத் துருத்தும். முள் உறுதியாகத் தெரிந்தால் 2. இடைவெளியும் தெளிவாகக் குறுகியிருந்தால் 3. இடைவெளி மிகவும் சுருங்கி, எலும்பின் வடிவமே மாறிவிட்டால் 4.

படுக்கவைத்து எடுத்தால் தேய்ந்த மூட்டிலும் இடைவெளி தாராளமாகத் தெரியக்கூடும். உடல் பாரம் இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நிற்கவைத்து எடுப்பதன் அவசியத்தை ஸ்வீடன் மருத்துவர் ஆல்பேக் 1968இல் வலியுறுத்தினார்.

ஆனால் படமும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கிரேடு 3 உள்ளவர் வலியின்றி நடப்பார். கிரேடு 1 உள்ளவர் படியேற முடியாமல் தவிப்பார். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் கூடுதல் வலி சொன்னபோது, வெள்ளையருக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இந்த மதிப்பெண் காரணம் காட்டியது. 2021இல் ஆய்வாளர் எம்மா பியர்சனின் குழு, அந்த நோயாளிகளின் எக்ஸ்ரேக்களைக் கணினியிடம் கொடுத்து, மருத்துவரின் மதிப்பெண்ணுக்குப் பதிலாக நோயாளி சொன்ன வலியைக் கணிக்கப் பழக்கியது. கணினி 43 சதவீதத்துக்குக் காரணம் காட்டியது. வலியின் தடயம் படத்திலேயே இருந்திருக்கிறது. பிரிட்டனின் வெள்ளையின மக்களை வைத்து உருவான அளவுகோல் அதைத் தவறவிட்டது. எனக்கு இது பெரும் அநீதியாகவே படுகிறது.

இன்று அந்தப் பிரிட்டனின் வழிகாட்டுதலே, 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு நடமாடும்போது வலி இருந்து, காலையில் இறுக்கமே இல்லாமலோ, இருந்தாலும் அரை மணிக்கு மேல் நீடிக்காமலோ இருந்தால், எக்ஸ்ரே இல்லாமலே மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது.

எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தால், நின்றபடி எடுப்பார்களா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் எந்த எண் வந்தாலும் சரி, எத்தனை படி ஏறினால் வலிக்கிறது, இரவில் தூக்கம் கெடுகிறதா என்பதை மருத்துவரிடம் விடாமல் சொல்லுங்கள்.