ஊரிழந்த ஆலயம்

இங்கிலாந்திலே, யோர்க்சயர் மேட்டுநிலத்திலே, வாரம் பேர்சி என்னும் சிற்றூரின் பரிசுத்த மார்ட்டின் ஆலயம் கூரையின்றி நிற்கின்றது. பத்தாம் நூற்றாண்டளவில் மரத்தால் எழுந்த அவ்வாலயம் பின்னர் கல்லாலாயிற்று. குடிகள் பெருகப் பக்கமண்டபங்கள் இணைந்தன. குடிகள் குறைய அவை இடிக்கப்பட்டன. உழவினும் ஆட்டு மேய்ச்சலே இலாபமெனக் கண்ட நிலவுடைமையாளர், 1500ஆம் ஆண்டளவில் எஞ்சிய குடும்பங்களையும் வெளியேற்றினர்.

எனினும், அயலூரார் வந்து வழிபட்டமையால் ஆலயத்திலே 1949 வரை ஆராதனை நடந்தது. 1959இல் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. 1950 முதல் 1990 வரை அவ்வூரிலே நிகழ்ந்த அகழாய்வில், ஆலயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தோண்டியபோது ஏறக்குறைய 700 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. ஏட்டிலே பெயர் பெறாத உழவர்தம் உணவையும் நோயையும் உழைப்பையும் அவையே உரைக்கின்றன. மன்னர் கதை மாத்திரம் வரலாறாகாது என்பதற்கு அவ்வாலயமே சான்று.