பவானி ஜமக்காளம்

ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானியும் கூடும் பவானி நகரிலும், அந்தியூர் உள்ளிட்ட சுற்றுவட்டார ஊர்களிலும் கைத்தறியில் நெய்யப்படும் தடித்த விரிப்பே பவானி ஜமக்காளம். கல்யாண வீட்டுப் பந்தி, ஊர்ப் பஞ்சாயத்து, கட்சிக் கூட்டம் என்று கொங்கு நாட்டில் பலர் சேர்ந்து உட்காரும் இடமெல்லாம் இது விரிந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஆலைத் துணிகள் சந்தையை நிறைத்தன. பிழைப்பு இழந்த ஜங்கமர் சமூக நெசவாளர்கள், தடித்த வண்ண நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கினர். நெருக்கடியில் பிறந்த இந்தத் தொழில் ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது.

நெசவு குழித்தறியில் நடக்கிறது. அகலமான விரிப்பென்றால் இருவர் அருகருகே அமர்ந்து நாடாவை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்வது ஒரு வகை; செயற்கைப் பட்டுநூலில் பூ வேலைப்பாடுள்ள கரை வைப்பது மற்றொன்று. கிர்கிஸ் மேய்ச்சல் மக்களின் விரிப்பு இதற்கு நேர்மாறானது: தறியே இல்லாமல், ஆட்டு ரோமத்தை நனைத்து உருட்டிக் கெட்டிப்படுத்துகிறார்கள். அந்தக் கலையை 2012-இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

பவானிக்கும் பாதுகாப்புகள் உண்டு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் விசைத்தறிப் போலிகள் இதே பெயரில் மலிவாக விற்கப்படுகின்றன. கூலி போதாமல் இளையோர் தறியைவிட்டு விலகுகிறார்கள். வாங்குவோர் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.