மாவைத் தொட்ட கை

அரையாண்டு லீவுக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள். ஆறு வயது. மூன்று நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கே சலிப்பாகிவிட்டது. "வாடி, நெய் பிஸ்கட் செய்யலாம்" என்றேன். உடனே கீழே ஓடி, எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனின் பையனையும் இழுத்து வந்தாள். அவனுக்கு ஏழு வயது. இரண்டு பேருக்கும் நான்கு நாள் பழக்கம்தான், ஆனால் அதற்குள் ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு ஆகாது.

என்னிடம் ஓவன் கிடையாது. பழைய குக்கர் ஒன்று இருக்கிறது. அதன் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு அங்குலத்துக்கு மணலைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டை வைத்தால் அதுதான் ஓவன். தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டின் பக்கம் பிள்ளைகள் வரக் கூடாது என்று சொல்லி, மாவு வேலையை மட்டும் அவர்களிடம் விட்டேன். அரை டம்ளர் உறைந்த நெய், அரை டம்ளர் பொடித்த சர்க்கரை. இரண்டையும் உள்ளங்கையால் தேய்க்கத் தேய்க்க நெய் வெண்ணெய்போல வெளுத்துவரும். பிறகு ஒரு டம்ளர் மைதா, இரண்டு ஸ்பூன் கடலை மாவு, ஏலக்காய்த் தூள், சிட்டிகை சோடா உப்பு. பாலோ தண்ணீரோ வேண்டாம், நெய்யே மாவைப் பிடித்துக்கொள்ளும். கத்தியும் வேண்டாம், அச்சும் வேண்டாம். இதைவிட எளிய பிஸ்கட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியாது.

அவள் முழங்கை வரை நெய்யாக உட்கார்ந்திருந்தாள். பையன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் தொடலாமா?"

கை கழுவவில்லை என்பதற்காகக்கூடக் கேட்டிருக்கலாம். "தொடுடா, அதுக்குத்தானே கூப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. ஏனென்றால் இந்தியாவில் பிஸ்கட்டின் வரலாறே இந்தக் கேள்வியின் வரலாறுதான்.

நாங்கள் செய்துகொண்டிருந்ததற்குச் சரியான பெயர் நான்கட்டாய். நான் என்றால் பாரசீகத்தில் ரொட்டி. இலங்கையில் இதையே ஞானகத்தா என்கிறார்கள். கேட்டால் ஏதோ தத்துவ உரை மாதிரி இருக்கும், கடித்தால் நெய் ஒழுகும். பிறந்த ஊர் சூரத் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்கே பண்டகசாலை வைத்தார்கள். அவர்களோடு ரொட்டி சுடும் அடுப்பும் வந்தது. டச்சுக்காரர்கள் போன பிறகு அந்த அடுப்பு ஒரு பார்சியின் கைக்கு வந்ததாகவும், ரொட்டி வாங்க ஆளில்லாமல் அவர் பிஸ்கட்டுக்கு மாறியதாகவும் கதை. 1861-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் டோட்டிவாலா பேக்கரி இன்றும் சூரத்தில் இருக்கிறது. கதையில் ஆண்டுக்கணக்கு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அன்று மாவைப் புளிக்க வைக்கக் கள்ளைத்தான் ஊற்றுவார்கள். மாவில் கள், சில பண்டங்களில் முட்டை, அடுப்படியில் யாரென்று தெரியாத கை. ஆசாரக்காரர்கள் தள்ளிவைக்க இந்த மூன்றும் போதும். நான்கட்டாயில் கள்ளும் இல்லை, முட்டையும் இல்லை. மூன்றில் இரண்டு தீர்ந்தது.

மூன்றாவதுதான் தீரவில்லை. 1846-இல் வங்காளத்தில் ராஜ்நாராயண் போஸ் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதி பார்ப்பதில்லை என்று காட்டுவதற்காக பிஸ்கட்டும் ஷெர்ரி மதுவும் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். ஷெர்ரி புரிகிறது. கூடவே பிஸ்கட் எதற்கு? அதைச் சுட்டவர் முஸ்லிமாகவோ ஐரோப்பியராகவோ இருக்கலாம் என்பதால்தான். இன்றைக்கு நாம் டீயில் முக்கி எடுக்கும் சாதாரண வஸ்துவைத் தின்பது அன்று ஒரு பிரகடனம்.

அடுத்து நடந்ததுதான் நம் நாட்டின் சாமர்த்தியம். பிஸ்கட் மீது ஆசை வந்துவிட்டது, சாதியையும் விட முடியவில்லை. 1898-இல் டெல்லியில் இந்து பிஸ்கட் கம்பெனி தொடங்கினார்கள். எங்கள் பிஸ்கட்டில் உயர்சாதி இந்துக்களின் கை மட்டுமே படும் என்பது அவர்களுடைய விளம்பரம். ருசியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்! பிஸ்கட்டை ஏற்றுக்கொள்ள நம்மவர்கள் தங்களை மாற்றிக்கொள்ளவில்லை, பிஸ்கட்டை மாற்றினார்கள். பின்னால் இயந்திரங்கள் வந்தன. 1939-இல் பார்லே பிஸ்கட் போட ஆரம்பித்தது. பாக்கெட்டுக்குள் வந்துவிட்டால் யார் கை பட்டது என்று யாரும் கேட்பதில்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த நம் ஊர் டீக்கடைகளிலும் பிஸ்கட் பாக்கெட் ஒன்றுதான்.

ஆனால் பாக்கெட்டைப் பிரித்த பிறகு?

எங்கள் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் ஒரு தகர டப்பா நிறைய பிஸ்கட் இருக்கும். அறுப்பு நாட்களில் வேலைக்கு வரும் பெண்களோடு பிள்ளைகளும் வரும். அப்பத்தா ஆளுக்கு இரண்டு கொடுப்பார். கொடுப்பார் என்பது சரியான சொல் இல்லை. குவித்த கைகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவார். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். ஒருநாள் அப்பத்தா உள்ளே போயிருந்த நேரம், அதேபோல நானும் போட்டேன். குறி தப்பி மண்ணில் விழுந்து உடைந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி அதைப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு வயதுக்கு ஒன்றும் தெரியாது என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உயரம் தெரிந்திருந்ததே.

இங்கே அடுக்களையில் பையனின் கையும் இப்போது மாவுக்குள் போயிருந்தது. எலுமிச்சை அளவு உருண்டை பிடிக்கச் சொன்னால் அவன் ஆரஞ்சு அளவுக்குப் பிடித்தான். ஒவ்வொன்றின் தலையிலும் கட்டைவிரலை அழுத்தச் சொன்னேன். வேகும்போது ஓரங்கள் வெடித்து விரியும், நடுக்குழி மட்டும் அப்படியே நிற்கும். குறைந்த தீயில் இருபத்தைந்து நிமிடம். வெளியே எடுத்ததும் தொட்டால் உதிர்ந்துவிடும், ஆறினால்தான் இறுகும். இதைச் சொல்லி இரண்டு பேரையும் உட்கார வைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

பதினான்கு வந்தன. மூன்று அடியில் கருகிவிட்டன, மணல் சூடு கூடிவிட்டது. எது யாருடையது என்று விரல் குழியை வைத்துக் கொஞ்ச நேரம் சண்டை. பாதியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை அவன் அம்மா டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தார். காலி டப்பாவை யாரும் திருப்பித் தருவதில்லையே! உள்ளே அவித்த வேர்க்கடலை, இன்னும் சூடாக. "பிள்ளைக்குக் குடுங்க" என்றார். பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு கைப்பிடிதான் மிச்சம் இருந்தது.