வருடத்தின் முதல் ஞாயிறும் ஒரு ஜெபமும்

போர்டிங்கில் இருந்தவர்களுக்கு அந்த ஞாயிறு மறந்திருக்காது. புதுவருடத் தவணை தொடங்கியதும் வெள்ளைச் சட்டையுடன் இரண்டிரண்டு பேராக ஆலயத்துக்கு நடப்போம். அன்று உடன்படிக்கை ஆராதனை. அதிபரும், சமையலறை அக்காவும், சின்ன வகுப்புப் பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரே ஜெபத்தைச் சொல்வோம். இறைவன் தம் சித்தப்படி என்னை வேலையில் அமர்த்தட்டும்; அவர் விரும்பினால் வேலையின்றி ஒதுக்கியும் வைக்கட்டும் என்பது அதன் சாரம். முதற்பாதி எங்களுக்குப் பிடிக்கும். டொக்டராகவும் ரீச்சராகவும் வரக் கனவு கண்ட பிள்ளைகள் அல்லவா! இரண்டாம் பாதியை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுவோம்.

அந்தக் கடினமான பாதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1755 ஓகஸ்ட் 11ஆம் திகதி இலண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பிரெஞ்சு ஆலயத்தில் ஜோன் வெஸ்லி இந்த உடன்படிக்கையை நடத்தியபோது, ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்தனர். ஆனால் அதன் வாசகங்கள் வெஸ்லியுடையவை அல்ல. அவருக்கு ஏறக்குறைய நூறாண்டுகள் முந்திய பியூரிட்டன் போதகர்களான ரிச்சர்ட் அலைன், ஜோசப் அலைன் ஆகியோரின் எழுத்திலிருந்து எடுத்தவை. 1662இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தை முழுமையாக ஏற்க மறுத்ததால் இருவரும் பதவி இழந்தனர். ஜோசப் சிறையிலும் கிடந்து, 1668இல் 34 வயதில் இறந்தார். இன்று நாம் சொல்லும் வடிவம் பிற்காலத்தில் சுருக்கித் திருத்தப்பட்டது. எனினும் அதன் வேர், தம் வேலையைப் பறிகொடுத்தவர்களிடம் இருக்கிறது.

மெதடிஸ்த ஊழியம் நம் தீவுக்கு வந்த கதையும் அப்படித்தான். குழுவின் தலைவர் தோமஸ் கோக் 1814 மே மாதத் தொடக்கத்தில் நடுக்கடலில் இறந்தார். வில்லியம் ஓல்ட் மனைவியைக் கடற்பயணத்திலேயே இழந்து மட்டக்களப்புக்கு வந்தார். சில மாதங்களே உழைத்து, 1815 ஏப்ரலில் அங்கேயே கண்மூடினார். தொடங்கியதை முடிக்க இருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

எனக்கு அது விளங்கத் தொடங்கியது 1996 ஜனவரியில். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனத்தோடு நாங்களும் தென்மராட்சிக்கு நடந்திருந்தோம். வகுப்பில்லை, புத்தகமில்லை. பரீட்சை எப்போது என்றும் தெரியாது. யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று அந்த ஜெபத்தைச் சொன்னபோது அம்மாவின் குரல் பாதியில் நின்றுவிட்டது. பிறகு மெல்லத் தொடர்ந்தார். அந்த வருடம் நான் எந்தச் சொல்லையும் விரைந்து கடக்கவில்லை.

வைத்தியராக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்பில் கட்டி தெரிந்தும், பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் வருத்தம் எல்லாம் முடியட்டும் என்று காலம் கடத்தி வரும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். பணிவு என்று நாம் பெண்களுக்குப் போதிப்பதில் இந்த ஆபத்து உண்டு. உடன்படிக்கை ஜெபம் அதைக் கேட்கவில்லை. அது “நான்” என்று தொடங்குகிறது. அதை ஒருவர் தனக்காகத்தான் சொல்லலாம், இன்னொருவர் மேல் சுமத்த முடியாது. அது கடவுளிடம் சொல்லப்படுகிறது, வீட்டாரிடம் அல்ல. அதிபரும் சமையலறை அக்காவும் அதை ஒன்றாக நின்று சொன்னதன் பொருளும் இதுதான்: தாழ்மை கீழே இருப்பவர்களுக்கு மட்டும் இட்ட கட்டளை அல்ல.

நூறு வயதாகும் நம் சங்கத்தில் பதவிப் பலகையில் பெயர் உள்ளவர்களும் உண்டு, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிவிட்டு வீடு சென்றவர்களும் உண்டு. ஓய்வுபெற்று, நோயுற்று, ஊரைவிட்டுப் பிரிந்து, “இனி என்னால் என்ன பயன்?” என்று கேட்கும் அக்காமாரும் இதை வாசிப்பீர்கள். அக்கா, சிறுவயதில் நாம் விரைந்து கடந்த அந்தப் பாதி உங்களுக்காகவும் எழுதப்பட்டது. வரும் ஜனவரியில், எங்கிருந்தாலும், அதைச் சற்று நிறுத்திச் சொல்லுங்கள்.